உப்புப் பார்த்த இரண்டு நாள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது மட்டும் கண் முரண்டு பிடிக்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து வியாபாரம் பேசுவதை நிறுத்தியிருக்க மாட்டாய், தெரியும். ஒரு திண்டாவது வைத்துக்கொள்.

வருஷத்துக்கு ஒரு தடவை போனில் சண்டை போடுகிறவன் திடீரென்று கடிதம் போடுகிறானே என்று பார்ப்பாய். ஒரு சின்ன விஷயம். நீ இருபத்தைந்து வருஷமாகப் பீன்ஸும் பருப்பும் விற்கிறாய், உன்னைத்தான் கேட்க வேண்டும். வீட்டில் பீன்ஸ் புரிட்டோ செய்து பார்க்கிறேன். ஆறு வருஷம் முன்னால் ஒரு கப்பல் சமையல்காரர் வெள்ளைக் கோட்டு தைக்க வந்தார். கோட்டு முடிகிறவரைக்கும் கடையிலேயே உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரிக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். வேகவைத்த பீன்ஸை மசித்து மெல்லிய ரொட்டியில் வைத்துச் சுருட்டுவது, அவ்வளவுதான். தையல்காரனுக்கு வசதி. மெஷினை விட்டு எழுந்திருக்காமல் ஒரு கையால் தின்றுவிடலாம்.

நான் செய்தால் வாயில் வைக்க விளங்கவில்லை. பீன்ஸ், வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் போடுகிறேன். ஈரத் துணியைத் தின்கிற மாதிரி சப்பென்று இருக்கிறது. ருசி வர என்ன செய்யலாம்?

அவள் ஊருக்குப் போயிருக்கிறாள். வர நாளாகும். அதனால்தான் நானே சமைக்கிறேன்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. திண்டு வாங்கியாயிற்று. அதன் மேல் பூனை படுத்துக்கொள்கிறது. உன் கண்ணுக்குக் கண்ணாடி போடு, வீராப்பு வேண்டாம். ஊசி விரலில் ஏறின பிறகு யோசித்துப் பயனில்லை.

முதல் கேள்வி, எந்தப் பீன்ஸ், எங்கே வாங்கினாய்? தெருமுனைக் கடையில் கண்ணாடிப் புட்டியில் பளபளவென்று வைத்திருப்பானே, அதுவா? அது போன வருஷத்துக்கும் முந்தின வருஷத்துச் சரக்கு. எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பான். ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார். கல் மாதிரி தெறித்தால் பழசு. நகம் பதிந்து அப்புறம் உடைந்தால் புதுசு. பழைய பீன்ஸ் நாள் முழுக்க அடுப்பில் கிடந்தாலும் தோல் தனி, மாவு தனி. அதற்கு ருசி எங்கிருந்து வரும்? இத்துடன் லாரி பார்சலில் புது ராஜ்மா இரண்டு வகை அனுப்பியிருக்கிறேன். சிவப்பு ஒன்று, புள்ளி போட்டது ஒன்று. புள்ளி போட்டதை எடு, சீக்கிரம் குழையும்.

சமையலைப் பற்றி என்னைக் கேட்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா? முட்டை வேகவைக்கத் தண்ணீர் ஊற்ற மறந்து பாத்திரத்தை ஓட்டை போட்டவள் நான். பீன்ஸ் மூட்டையை விட்டு வெளியே வந்த பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. மேல் வீட்டுக்காரி நன்றாகச் சமைப்பாள், கேட்டு எழுதுகிறேன்.

நீ எழுதியதும் நல்லதுதான். இனிமேலும் போன் பண்ணாதே, எழுது. போனில் நீ ஒன்று சொல்வாய், நான் குறுக்கே விழுவேன், வைத்துவிடுவோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

உன் வீட்டுக்காரி எந்த ஊருக்குப் போனாள்? அவள் அம்மா போன பிறகு அவளுக்கென்று எந்த ஊர் இருக்கிறது?

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கண்ணாடி போட்டாயிற்று. வாடிக்கையாளர்கள் வாத்தியார் மாதிரி இருக்கிறேன் என்கிறார்கள். உன் பூனைக்கு முதுகுவலி இல்லை என்று தெரிந்ததில் மகிழ்ச்சி.

பீன்ஸ் வந்தது. கடித்துப் பார்த்தேன், நீ சொன்ன மாதிரியே நகம் பதிந்தது. வெண்ணெய் போல வெந்தது. ஆனாலும் சப்பென்றுதான் இருக்கிறது. அப்படியானால் குறை பீன்ஸில் இல்லை, என் கையில்தான்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் ஊருக்குப் போகவில்லை. போய்விட்டாள். டிசம்பரில் ஒரு புதன்கிழமை. காலையில் தொழிற்சாலைச் சட்டைகளுக்குப் பித்தான் துளை எடுத்து முடித்து, காஜா மெஷினைத் துடைத்து, உறை போட்டு மூடி வைத்துவிட்டு, ஒரு பையுடன் போனாள். நான் துணிக் கடைக்குப் போயிருந்தேன். 'தேட வேண்டாம்' என்று அளவு எழுதும் சீட்டில் எழுதி வைத்திருந்தாள். எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் இருந்தது.

தேட வேண்டாம் என்றதால் தேடவில்லை. ஆனால் என்றைக்காவது வருவாள் என்று இருக்கிறேன். வந்தால் அவளை உட்காரவைத்து, என் கையால் செய்தது ஒன்றை முன்னால் வைக்க வேண்டும். பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதைச் செய்ததில்லை. அதற்குத்தான் இந்தப் பாடு. சிரிக்காதே.

மேல் வீட்டம்மாவைக் கேட்டாயா?

உன் தம்பி


ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சிரிக்கவில்லை.

மேல் வீட்டுக்காரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பீன்ஸை ஊறவைக்கும்போதே தண்ணீரில் உப்புப் போட வேண்டுமாம். வெந்த பிறகு போட்டால் உப்பு மேலேயே நின்றுவிடும். வெந்த தண்ணீரைக் கொட்டாதே, ருசி அதில்தான் இருக்கிறது. மசிக்கும்போது அதையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொள். சீரகத்தைத் தூளாகத் தூவாமல் சூடான எண்ணெயில் முழுதாகப் போட்டு, வாசனை மூக்கில் ஏறியதும் வெங்காயம் போடு. பூண்டை நறுக்காதே. தோலோடு தணலில் சுட்டு, கறுத்ததும் பிதுக்கிப் போடு. தக்காளியையும் அப்படியே சுட்டுக்கொள். பச்சை வாடை போய்ப் புகை வாசனை வரும்.

அவள் சொன்னது முடிந்தது. இனி நான்.

மனத்தாங்கல் என்று ஒரே சொல்லில் வாயைக் கட்டி வைத்துவிட்டாய். மண்டியில் மூட்டை வந்தால் நான் மேல் பார்வையில் நம்புகிறதில்லை. குத்தூசியை நடுவயிற்றில் செருகி உள்ளே இருப்பதை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பேன். அதே மாதிரி கேட்கிறேன். என்ன மனத்தாங்கல்? அடித்தாயா? குடித்தாயா? வேறு யாராவதா? பதினான்கு வருஷம் உன் எதிர் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் சும்மா எழுந்து போக மாட்டாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். பதினொரு வருஷம் முன்னால் உன் வீட்டில் 'இந்தப் பெண் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்குதே' என்று சொன்னேன், அன்றோடு நின்றது பேச்சு. அந்த நானே அவளுக்காகக் கேட்கிறேன் என்றால் பார்த்துக்கொள். பூசி மெழுகாமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை.

சுட்ட பூண்டு அருமை. வீடே மணத்தது. மாடியில் இருக்கும் தபால்காரர் படி இறங்கி வந்து என்ன சமையல் என்று கேட்டார். அவருக்கும் ஒன்று சுருட்டிக் கொடுத்தேன். முழுதாகத் தின்றார். 'நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ ஒண்ணு கம்மி' என்றார். அந்த ஏதோ ஒன்று என்ன என்று மேல் வீட்டம்மாவைக் கேட்டுச் சொல். ரொட்டியும் எனக்குச் சரியாக மடிய மாட்டேன் என்கிறது. தையல்காரன் மடிப்புத் தெரியாமல் முழிக்கிறான் என்று யாரிடமும் சொல்லிவிடாதே.

நீ கேட்டதற்கு என்ன எழுத? அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வேறு யாரும் இல்லை. எல்லா வீட்டிலும் இருக்கிற சாதாரண விஷயம்தான். வேலை நெருக்கடி. நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம்.

பள்ளிச் சீருடை வேலை தொடங்கிவிட்டது. துளை எடுக்க ஆள் வைக்கவில்லை. நானே எடுக்கிறேன். அவள் எடுத்தால் இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கும். நான் எடுத்தால் எலி கடித்த மாதிரி இருக்கிறது.

உன் தம்பி


மே 6

அன்புத் தம்பிக்கு,

சளிக்கு வெந்நீர் குடி. இங்கே வெயில் மண்டை பிளக்கிறது. மற்றபடி சுகம்.

குத்தூசி போட்டால் நீ மூட்டையையே புரட்டி வைத்துவிட்டாய். கவனித்தேன். சரி, உன் இஷ்டம்.

கம்மியாக இருப்பது புளிப்பாம். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை அரை மூடி பிழிய வேண்டும், முன்னாலேயே பிழிந்தால் கசக்கும். பீன்ஸ் முழுவதையும் மசிக்காதே. பாதியை மசி, பாதி முழுதாகக் கிடக்கட்டும், பல்லுக்கு வேலை வேண்டும். பச்சை வெங்காயத்தை மெல்லியதாகச் சீவி வினிகரில் ஊறப்போட்டு உள்ளே வை. சுருட்டிய பிறகு எண்ணெய் இல்லாத கல்லில் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து அமுக்கு. மேலே மொறுமொறுப்பு வரும், பிரியவும் பிரியாது.

மடிப்பில்தான் நீ கோட்டை விடுகிறாயாம். நாலு பக்கமும் மூடாதே. கீழே இரண்டு மடிப்பு, மேலே திறந்து விடு. வலது கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு இடது கையால் தின்பவன் நீ. கட்டை விரலால் அடியிலிருந்து அமுக்கிக்கொண்டே போவாய், சாறு மணிக்கட்டு வழியாக இறங்கித் துணியில் சொட்டும். ஆகவே மடிப்பு உள்ளங்கைப் பக்கம் வர வேண்டும், விரல் பக்கம் வரக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, ஒரு வரி இல்லை. சளி முற்றி நெஞ்சில் இறங்கிவிட்டதா? லாரி ஆபீஸில் கேட்டேன், போன வாரம் அனுப்பிய பார்சலை நீ வந்து எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு அட்டையில் எழுதிப் போடு, போதும்.

என் மேல் கோபம் என்றால் அதையாவது எழுது. நான் உன்னைக் கேட்டது தப்பில்லை. கேட்ட விதம் வேண்டுமானால் மண்டிப் பேச்சாக இருந்திருக்கும். எனக்கு வேறு பேச்சுத் தெரியாது.

அக்கா


ஜூலை 2

அக்கா,

நலமாக இருக்கிறேன். பதில் போடாததற்கு மன்னித்துக்கொள்.

உன் மே மாதக் கடிதத்தை மடிப்பு வரைக்கும் படித்தேன். அதன் பிறகு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. என் வீட்டு வாசலை நீ மிதித்துப் பதினொரு வருஷம். கப்பல் சமையல்காரர் வந்து ஆறு வருஷம். நான் புரிட்டோ தின்று நீ பார்த்ததே இல்லை. எந்தக் கையில் பிடிப்பேன், எங்கே அமுக்குவேன், எந்தப் பக்கம் சொட்டும் என்று மேல் வீட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்? இந்த உலகத்தில் அது ஒருத்திக்குத்தான் தெரியும். என் எதிரில் உட்கார்ந்து, துணியில் கறை விழுந்துவிடப்போகிறது என்று என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு.

மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்பி வந்தேன். உன் மண்டிக்கு எதிர்வரிசையில் தராசு ரிப்பேர் கடை இருக்கிறதே, அங்கே நின்றேன். பதினோரு மணி இருக்கும். அவள் வாசலுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்து பெரிய தாம்பாளத்தில் ராஜ்மா கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நீ மூட்டை மேல் இருந்தாய், திண்டு இல்லாமல். எடை போடுகிறவர் உன்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நீ திட்டினாய். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கையில் இருந்த பீன்ஸ் மடியில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள்.

அக்கா, எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியாது. பதினான்கு வருஷம் கூட இருந்தும் தெரியாது.

தராசுக் கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். உன் மேல் கோபம் இல்லை. பத்திரமாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள், அது போதும். அவள் வர மறுத்தால் அதையும் ஏற்றுக்கொள்வேன். நான் வரலாமா என்று மட்டும் அவளைக் கேட்டுச் சொல். வரலாம் என்றால் வருகிறேன்.

உன் தம்பி


ஜூலை 12

அன்புத் தம்பிக்கு,

நீ உயிரோடு இருப்பது தெரிந்து மூச்சு வந்தது. எதிர்வரிசை வரை வந்துவிட்டு அக்காவைப் பார்க்காமல் போனாயே என்று திட்டத்தான் பேனாவை எடுத்தேன். திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

மேல் வீடு காலி. அங்கே துவரை மூட்டைதான் குடியிருக்கிறது. போன் வேண்டாம் என்றது பின்னால் அவள் குரல் உனக்குக் கேட்டுவிடும் என்றுதான்.

டிசம்பரில் ஒரு நாள் பையோடு வந்து மண்டி வாசலில் நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவள் சொன்னாள், 'வேற போக்கிடம் இல்லாம வரல அண்ணி. மூஞ்சிக்கு நேரா பேசுறவங்கன்னு எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான். இங்க இருக்கேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க.' நேராகப் பேசுகிறவள் என்று தேடி வந்து, வந்த கையோடு என்னைப் பொய் சொல்ல வைத்தாள். ஏழு மாதம் சொன்னேன். எனக்கு அது ஒரு மூட்டை சோளத்தைப் பருப்பென்று விற்கிற மாதிரி இருந்தது.

உன் கடிதம் வரும் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வாள். கை தாம்பாளத்தில் அப்படியே நிற்கும். முடிந்ததும், 'அவ்வளவுதானா அண்ணி? அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?' என்பாள். இல்லை என்பேன். கொஞ்ச நேரம் கல் பொறுக்குவாள். அப்புறம் குனிந்த தலை நிமிராமல், 'பூண்டைச் சுட்டுப் போடச் சொல்லுங்க' என்பாள். நான் எழுதியதெல்லாம் அப்படி வந்ததுதான். மடிப்பு விஷயத்தையும் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். என் அறிவுக்கு அது உறைக்கவில்லை. முப்பது தரகர்களை ஏமாற்றவிடாமல் ஓட்டியவள் ஒரு ரொட்டி மடிப்பில் மாட்டிக்கொண்டேன்.

நீ பார்த்த சிரிப்பு தினமும் வருகிறதில்லை. வந்ததிலிருந்து நாலு தடவை சிரித்திருப்பாள். அதில் ஒன்று போய் உன் கண்ணிலா பட வேண்டும்?

வரலாமா என்று கேட்டேன். அதற்கும் 'அதைப் பத்தி எழுதியிருக்காரா?' என்றே மறுபடியும் கேட்டாள். 'அது' என்ன என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், வாய் திறக்கவில்லை. அவர் சொல்லட்டும் என்கிறாள். உனக்குத் தெரியும். எழுது. அதற்குத்தான் காத்திருக்கிறாள். எழுதிவிட்டால் கிளம்பிவிடுவாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தையும் வாய்விட்டே படி.

நவம்பரில் முந்நூறு சட்டை எடுத்திருந்தோம். வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. அவள் காஜா மெஷினில் இருந்தாள், அந்தச் சத்தத்தில் மணி அவளுக்குக் கேட்கவில்லை. நான்தான் எடுத்தேன். அவள் அம்மா போய்விட்டார்கள். உடனே அனுப்புங்கள் என்றார்கள். சரி என்று வைத்தேன்.

அவளைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் நூற்றிருபது சட்டை துளை இல்லாமல் அடுக்கியிருந்தது. சட்டை முடியட்டும் என்று நினைத்தேன். போன உயிர் வரப்போகிறதா, இன்றைக்குச் சொன்னால் என்ன, நாளைக்குச் சொன்னால் என்ன என்று நினைத்தேன். இதை எழுதும்போது என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மறுநாள் மறுபடி போன் வந்தது. கிளம்பிவிட்டாளா என்றார்கள். பாதி வழியில் இருப்பாள் என்றேன்.

அந்த இரண்டு நாளும் சமைக்க நேரமில்லை என்று அவள் புரிட்டோதான் செய்தாள். முதல் நாள் கொண்டுவந்து கையில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்றாள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று சொல்ல முடியுமா? சப்பென்று இருக்கிறது என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. அடுத்த வேளைக்குப் பூண்டு சுட்டுப் போட்டாள். அப்போதும் சப்பென்று இருக்கிறது என்றேன். எலுமிச்சை பிழிந்தாள். வெங்காயத்தை வினிகரில் போட்டாள். துளை எடுப்பதும் அடுப்படிக்கு ஓடுவதுமாக இருந்தாள். இப்போது சரியா, இப்போது சரியா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ எழுதியனுப்பியது எல்லாம் அந்த இரண்டு நாளில் அவள் எனக்காகச் செய்து பார்த்தது. ஒவ்வொன்றாக வரும்போதே தெரிந்திருக்க வேண்டும். பூண்டு வந்ததுமே எனக்குத் தெரிந்தது அக்கா. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். அதில் நான் தேர்ந்தவன்.

புதன்கிழமை சாயங்காலம் கடைசிக் கட்டைக் கட்டியதும், இப்போதுதான் போன் வந்தது என்று சொன்னேன். போட்டிருந்த சேலையோடு ஓடினாள். ஆறு மணி நேரப் பயணம். அவள் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையே சொல்லியாயிற்றே என்று அங்கே சொல்லியிருப்பார்கள். திரும்பி வந்தவள் என்னைக் கேட்கவே இல்லை. ஒரு மாதம் எதிரில் உட்கார்ந்து துளை எடுத்தாள். கேட்கட்டும், சொல்லலாம் என்று நான் இருந்தேன்.

பீன்ஸில் குறை இல்லை. அன்றைக்கும் இல்லை. மறைத்தது நான், பழியைச் சாப்பாட்டின் மேல் போட்டதும் நான். அவள் முன்னால் உட்கார்ந்து இதை ஒரு தடவை சொல்ல விடச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 21

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். அவளும் உடம்பளவில் நலம். மூன்று வாரம் பதில் எழுதாமல் வைத்திருந்தேன், அதற்குக் காரணம் உண்டு.

உன் கடிதத்தைப் பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அவள் எழுந்து வந்து என் கையிலிருந்து வாங்கி, வாசல் வெளிச்சத்தில் நின்று தானே படித்து முடித்தாள். நாலாக மடித்து என்னிடமே கொடுத்தாள். அழவில்லை. போய் உட்கார்ந்து தாம்பாளத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். உன்னை நான் என்ன சொல்ல? தூக்கி வளர்த்த கை, ஓங்கவும் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. எடை போடுகிறவர் வந்து விலை கேட்டதற்கு, கடை இன்றைக்குக் கிடையாது, போங்கள் என்று சொல்லிவிட்டேன். இருபத்தைந்து வருஷத்தில் நான் அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் அவளே பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'எல்லாம் நிஜம்தான் அண்ணி. ஒண்ணு விடாம எழுதியிருக்காரு. ஆனா ஒண்ணு அவருக்குத் தெரியாது. எங்கம்மா அங்க கிடக்கறப்ப, அந்த ரெண்டு நாளும் நான் அடுப்படியில நின்னு உப்புப் பார்த்துக்கிட்டு இருந்தேன். கரண்டி கரண்டியா எடுத்து நாக்குல வச்சு, இது போதுமா, இன்னும் கொஞ்சம் வேணுமான்னு. அவருக்குப் பிடிக்கணும்னு எங்கம்மாவைக்கூட நான் அந்த ரெண்டு நாள் நினைக்கல. ஒரு தடவைகூட நினைக்கல. அதை யாரு எனக்குத் திருப்பித் தருவா?'

தாம்பாளத்துக்கு மறுபக்கம் உட்கார்ந்து நானும் கல் பொறுக்கினேன்.

அதன் பிறகு மூன்று வாரம் விட்டுப் பிடித்தேன். கோபம் ஆறட்டும், ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு வருவாள், நானே பஸ் ஏற்றிவிடலாம் என்று இருந்தேன். உனக்கு நல்ல பதிலாக எழுதலாம் என்றுதான் தாமதித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நேராகவே கேட்டேன். 'எழுதிட்டான்ல? கிளம்புறியா?'

'எழுதினா போயிடுவேன்னுதான் அண்ணி நானும் நெனச்சேன். அதுக்குத்தான் இத்தனை நாள் உக்காந்திருந்தேன். எழுதிட்டாரு. ஆனா கால் எழும்பல' என்றாள்.

நான் அவளை வற்புறுத்த மாட்டேன். அவள் என்னிடம் வந்தது நான் நேராகப் பேசுகிறவள் என்று நம்பி. உன்னிடமும் அதே நேர்மையோடு சொல்லிவிடுகிறேன், காத்திருக்காதே. நாள் போனால் மனசு மாறும் என்று உனக்கு ஆறுதல் எழுத என்னால் முடியும். அது சரக்கு இல்லாத மூட்டை. உனக்கு நான் அதை விற்க மாட்டேன். அவள் வர மாட்டாள்.

ருசிக்கு இன்னும் ஏதாவது சொல்கிறாயா என்றும் கேட்டேன், உனக்காகத்தான். தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

நீ என் தம்பி. நீ செய்தது என்னவாக இருந்தாலும் என் வீட்டில் உனக்கு ஒரு தட்டு உண்டு. எதிர்வரிசையில் நின்றுவிட்டுப் போகிற வேலை இனி வேண்டாம், நேராக உள்ளே வா. வருவதானால் மட்டும் எந்தத் தேதி, எந்த பஸ் என்று முன்கூட்டியே எழுது. அன்றைக்கு ஒரு நாள் மேல் வீட்டில் மூட்டைகளோடு இருந்துகொள்வதாக அவள் சொல்லியிருக்கிறாள்.

சளி குறையாவிட்டால் டாக்டரைப் பார். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா